பிரிக்க முடியாத பந்தல்!

கேன்சர் செல்லை முடக்கும் 'பாக்லிடாக்ஸெல்': நோயாளியின் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பொங்கலை ஒட்டி நந்தனம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி! வெட்டவெளியாகக் கிடந்த இடம், சில நாட்களுக்குள் கம்பம், கூரை, தடுப்பு என்று ஒரு சின்ன ஊராகவே மாறிவிடும். கண்காட்சி முடிந்ததும் அத்தனையையும் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மறுபடியும் வெட்டவெளி.

அந்தக் கம்பங்களை எல்லாம் யாரோ வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? பந்தல் முன்பைவிட உறுதியாக நிற்கும். ஆனால் மைதானத்தில் அதற்கப்புறம் வேறு எந்த வேலையும் நடக்காது.

'பந்தலுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது. மார்பகம், சினைப்பை, நுரையீரல் ஆகிய இடங்களில் வரும் கேன்சருக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் பாக்லிடாக்ஸெல் என்ற மருந்து, கேன்சர் செல்லுக்குள் இதே வெல்டிங் வேலையைத்தான் செய்கிறது.

நந்தனத்திலிருந்து டர்ன்புல்ஸ் ரோடு வழியாகப் போய், கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான மருத்துவமனை. இவர்களே நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சென்னைப் பெண்களுக்கு அதிகமாக வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இப்போது அந்த முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. அதனால் இந்த மருந்தின் பெயர் பல வீடுகளில் அடிபடுகிறது. 'முடி கொட்டுமாமே... கால் மரத்துப்போகுமாமே...' என்ற பயமும் கூடவே வருகிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், இந்தத் தொல்லைகள் ஏன் வருகின்றன, எதற்கு ஓடவேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

செல்லுக்குள் ஒரு சாரம்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய குழல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஆங்கிலப் பெயர் மைக்ரோட்யூபூல். தமிழில் நுண்குழல். எவ்வளவு மெல்லிசு தெரியுமா? ஒரு குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்தில் சுமார் 3,000 குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம்!

ட்யூபுலின் என்ற புரதம்தான் இதற்குச் செங்கல். செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஓர் இழை. பெரும்பாலும் 13 இழைகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழல்.

இந்தக் குழல்களுக்கு மூன்று வேலை. முதலாவது, செல்லுக்கு உருவம் கொடுத்துத் தாங்குவது. இரண்டாவது, தண்டவாளமாக இருப்பது. செல்லின் ஒரு மூலையில் தயாராகும் சரக்கு, இந்தக் குழலின் மேலேறித்தான் இன்னொரு மூலைக்குப் போகிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கு போட வேண்டும். பழைய குழல்களை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் புதுக் குழல்கள் கிளம்புகின்றன. தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி, குரோமோசோம்களைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கின்றன.

இங்கேதான் வேடிக்கை. இந்தக் குழல்கள் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருப்பதில்லை. நீள்கின்றன, திடீரென்று சரிகின்றன, மறுபடி நீள்கின்றன. டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1984-ல் இதை எடுத்துச் சொன்னார்கள். குழலின் நுனியில் புதுச் செங்கல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்வரை குழல் நிற்கும். வரத்து நின்றால், வாழைப்பூ மடல் விரிகிற மாதிரி நுனி வெளிப்பக்கம் வளைந்து, மளமளவென்று பிரிந்துவிடும்.

'இப்படி நிலையில்லாத சாரம் எதற்கு?' என்று தோன்றலாம். குரோமோசோம் செல்லின் எந்த மூலையில் கிடக்கிறது என்று குழலுக்குத் தெரியாது. நீட்டிப் பார்க்கிறது, கிடைக்கவில்லையென்றால் சுருங்கி வேறு பக்கம் நீட்டுகிறது. இருட்டில் ஸ்விட்சைத் தேடித் தடவும் கை மாதிரி! கட்டவும் தெரிந்து, பிரிக்கவும் தெரிந்தால்தான் இந்தத் தேடல் நடக்கும்.

மரப்பட்டையில் இருந்த மருந்து

1962-ல் அமெரிக்க விவசாயத் துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்ளே, அந்நாட்டின் மேற்குக் கரைக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். கேன்சருக்கு மருந்தாகுமா என்று ஆயிரக்கணக்கான செடிகொடிகளைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இருவர். இதில் வானி நம் நாட்டுக்காரர். மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து, பம்பாய் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 2020-ல் காலமானார். 1971-ல் அந்தப் பொருளின் அமைப்பை இவர்கள் வெளியிட்டார்கள். வைத்த பெயர் டாக்ஸால். பின்னாளில் அது கம்பெனிப் பெயராகிவிட்டதால், மருந்தின் பொதுப்பெயர் பாக்லிடாக்ஸெல் ஆனது.

அமைப்பு தெரிந்தும் பல வருஷம் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தண்ணீரில் கரையாத பொருள். பட்டையில் கிடைப்பதோ துளியூண்டு. நிலைமையை மாற்றியவர் நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. 1979-ல் அவருடைய குழு வெளியிட்ட செய்தி எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அதுவரை தெரிந்த மருந்துகள் எல்லாம் குழலைக் கட்டவிடாமல் தடுப்பவை. இது நேர்மாறு! குழலைக் கட்டத் தூண்டியது. கட்டிய குழலைப் பிரியவே விடவில்லை. சாதாரணக் குழல்கள் குளிரில் வைத்தால் பிரிந்துவிடும், கால்சியம் சேர்த்தாலும் பிரிந்துவிடும். டாக்ஸால் ஏறிய குழல்களோ இரண்டுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

காரணம் பிறகு தெரியவந்தது. குழலின் உட்புறச் சுவரில், பீட்டா ட்யூபுலின் என்ற பாதிச் செங்கல்லில் ஒரு குழி இருக்கிறது. மருந்து அங்கே போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து இழையோடு பிடிப்பு இறுகுகிறது. வாழைப்பூ மடல் விரிவதற்கு வழியில்லை. மருந்து அதிகமானால் குழல்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து நிற்கின்றன. மருந்து குறைவாக இருந்தாலும் நீள்வதும் சுருங்குவதும் மந்தமாகிவிடுகிறது. செல்லைக் கெடுக்க அதுவே போதும்.

பிரியத் தயாராகும் கேன்சர் செல்லின் கதியை யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கம் இழுக்க வேண்டிய வடம், மூன்று நாலு பக்கம் இழுக்கிறது. சில செல்கள் பாதி வழியில் நின்று செத்துப்போகின்றன. சில செல்கள் தப்பும் தவறுமாகப் பங்கு போட்டுப் பிரிந்து, பிழைக்க முடியாமல் அழிகின்றன.

1989-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மற்ற மருந்துகள் கைவிட்ட சினைப்பைக் கேன்சர் நோயாளிகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு இதனால் கட்டி சுருங்கியதைச் சொன்னார்கள். 1992-ல் சினைப்பைக் கேன்சருக்கும், 1994-ல் மார்பகக் கேன்சருக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அடுத்து வந்தது மரத்துக்கு ஆபத்து! நூறு வருஷ யூ மரத்தின் பட்டையை உரித்தால் ஏறக்குறைய ஒரு முறை கொடுக்கத்தான் மருந்து தேறும். மரமோ செத்துவிடும். பிரான்சில் பியர் போட்டியே குழுவினர், ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து மூலப்பொருளை எடுத்து மருந்தாக மாற்றும் வழியைக் காட்டினார்கள். இலை மறுபடி துளிர்க்கும் அல்லவா? தம்பி மருந்தான டோசிடாக்ஸெலும் அந்த வழியில் பிறந்ததுதான். இப்போது யூ மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்த்தும் மருந்து எடுக்கிறார்கள்.

நம் தோட்டத்துச் சொந்தங்கள்

வெல்டிங் வைக்கும் மருந்து குளிர்ப் பிரதேசத்து மரத்தில் இருக்கிறதென்றால், கம்பத்தையே நடவிடாத மருந்துகள் நம் ஊர்ச் செடியில் இருக்கின்றன.

காம்பவுண்டுச் சுவர் ஓரமாகத் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு அதன் இலையைக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் இறங்கின! அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்ல்ஸ் பியரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சகோதரி வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் முக்கிய மருந்து.

அடுத்தது நம் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கு கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையில் இருக்கும் கோல்சிசின், கௌட் எனப்படும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. இதுவும் ட்யூபுலினைப் பிடித்துக்கொண்டு குழலைக் கட்டவிடாது. அவ்வளவு ஏன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல்கூட, புழுவின் ட்யூபுலினைத்தான் தாக்குகிறது.

கட்டவிடாவிட்டாலும் ஆபத்து, பிரிக்கவிடாவிட்டாலும் ஆபத்து. இரண்டு வழியிலும் செல்லின் வேலை நின்றுபோகிறது.

ஏன் இந்தத் தொல்லைகள்?

மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடு தெரியாது. எங்கெல்லாம் குழல்கள் மும்முரமாக வேலை செய்கின்றனவோ, அங்கெல்லாம் கை வைக்கும்.

முடி: முடியின் வேரில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிபவை. அதனால் சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுகிறது. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோருக்குத் திரும்ப முளைத்துவிடும்.

ரத்தம்: எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் செல்களை உற்பத்தி செய்யும் இடம். வெள்ளை அணுக்கள் குறையும்போது கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

கை, கால்: நரம்பு செல் பிரிவதே இல்லையே, அதற்கு ஏன் பாதிப்பு? இங்கே கெடுவது தண்டவாள வேலை. முதுகிலிருந்து கால் விரல்வரை போகும் நரம்பு இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரமும் சரக்கு குழல் வழியாகத்தான் போய்ச்சேர வேண்டும். வழியில் கோளாறு என்றால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி ஸ்டேஷன்! அதனால்தான் கால் விரல், கை விரல் நுனிகளில் மரமரப்பும் எரிச்சலும் தொடங்குகின்றன.

ஒவ்வாமை: இது மருந்தால் மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் எண்ணெயாலும் வருவது. பாக்லிடாக்ஸெலைக் கரைக்க, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பான் தேவைப்படுகிறது. ஆரம்ப காலச் சோதனைகளே இதனால் நின்றுபோகும் நிலை வந்தது. அதனால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போட்டுவிட்டு, சொட்டுச்சொட்டாக ஏற்றுகிறார்கள். சாதாரண பி.வி.சி. டியூபிலிருந்து இந்தக் கரைப்பான் ரசாயனத்தை இழுத்துவிடும் என்பதால் தனி செட் வாங்கச் சொல்கிறார்கள். 'எதற்கு இந்த வீண் செலவு?' என்று கோபப்படாதீர்கள்! 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஆல்புமின் புரதத்தில் ஏற்றிய வகைக்கு இந்தக் கரைப்பான் தேவையில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு...

1. தெர்மாமீட்டர் கைவசம் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். 'ஒரு க்ரோசின் போட்டுட்டு காலையில பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. வெள்ளை அணு குறைந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

2. சொட்டு மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிஷங்கள் முக்கியம். முகம் சிவப்பது, மூச்சு இறுக்கம், முதுகுவலி, அரிப்பு எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

3. மருந்து ஏறிய இரண்டு மூன்று நாளில் உடம்பும் மூட்டும் அடித்துப்போட்டது போல வலிக்கலாம். பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

4. சர்க்கரை நோயாளியா? ஸ்டீராய்டு போட்ட நாட்களில் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே கால் மரத்திருந்தால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

5. மரத்த காலுக்குப் பாதுகாப்பு வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பாத்ரூமில் வழுக்காத மிதியடி போடுங்கள்.

6. 'நரம்புக்கு நல்லது' என்று கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்காதீர்கள். அசிட்டைல் கார்னிடின் என்ற மாத்திரை, இந்த மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு மரமரப்பைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியதாக ஆய்வு இருக்கிறது.

மறைக்கக் கூடாத ஒன்று

டாக்டர் 'கால் எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டால், நம் பெண்கள் பலர் 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ, கேன்சர் திரும்பிவிடுமோ என்ற பயம்! புரிந்துகொள்ளக் கூடிய பயம்தான். ஆனால் விபரீதமான பயம்.

மரமரப்பு ஆரம்பத்திலேயே தெரிந்தால் டாக்டர் கையில் வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மருந்து ஏறும்போது கைகால்களைக் குளிர்ச்சியாக வைக்கும் உறைகளைச் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். வலி அதிகமானால் டுலாக்ஸெட்டின் போன்ற மாத்திரை எழுதித் தருவார்கள். சொல்லாமல் மறைத்தால், பல மாதங்களில் சரியாக வேண்டியது சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

'வலிக்குதா?' என்று கேட்டால் பதில் வராது. வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் கவனியுங்கள். ஜாக்கெட் ஹூக் மாட்டத் தடுமாறுகிறாரா? பூத்தொடுக்க முடியாமல் வைத்துவிட்டாரா? ஊசியில் நூல் கோக்க உங்களைக் கூப்பிடுகிறாரா? காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமல் நடக்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

சில கேள்விகள்... சில பதில்கள்

'நித்தியகல்யாணி கேன்சருக்கு நல்லதுதானே, கஷாயம் வெச்சுக் குடிக்கலாமா?'

கூடவே கூடாது. இலையில் மருந்தும் இருக்கிறது, வேறு பல நச்சுகளும் இருக்கின்றன. ஒரு கைப்பிடியில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் கொடுப்பது, நோயாளியின் உடலளவைக் கணக்குப் பார்த்து மில்லிகிராமில் அளந்தது. கண்வலிக்கிழங்கு இன்னும் மோசம். வேறு கிழங்கு என்று நினைத்துத் தவறுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் வாந்தியும் பேதியும், பிறகு ரத்த அணுக்கள் சரிவும் வருகின்றன. பிழைத்தவர்களுக்குச் சில வாரம் கழித்து முடி கொட்டுகிறது. கீமோதெரபியில் பார்க்கும் அதே முடி கொட்டல்தான், இங்கே அளவு கட்டுப்பாடில்லாமல்! யாராவது சாப்பிட்டுவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

'நாட்டு மருந்துக் கடையில தாளிசபத்திரி விக்கிறாங்க. அதுவும் யூ மரம்தானா?'

அந்தப் பெயரில் வெவ்வேறு மரங்களின் இலை சந்தைக்கு வருகிறது. இமயமலை யூ மரத்தின் இலையும் அதில் உண்டு. ஆனால் பாக்லிடாக்ஸெல் வாய்வழியாகச் சாப்பிட்டால் குடலில் சரியாக ஏறாது. அதனால்தான் ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். யூ இலையில் இருக்கும் டாக்ஸின் என்ற நஞ்சோ, இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. சிகிச்சை நடக்கும்போது எந்தச் சூரணம், லேகியம் எடுத்தாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

'இதுக்கு நிறைய செலவாகுமா?'

இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பாக்லிடாக்ஸெல் இருக்கிறது. பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கேன்சர் சிகிச்சை வருகிறது. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

'கேன்சருக்கு மட்டும்தான் இந்த மருந்தா?'

இல்லை. ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் பலூன்களின் மேல் இதைப் பூசுகிறார்கள். விரித்த இடத்தில் செல்கள் மறுபடி பெருகி அடைக்காமல் இருக்க இது உதவுகிறது. அங்கேயும் அதே வெல்டிங் வேலைதான்!

ஒரு மரப்பட்டை, நம் நாட்டில் பிறந்த ஒரு வேதியியலாளர், விடாப்பிடியான ஒரு பெண் விஞ்ஞானி... இவர்களால் கிடைத்த மருந்து இது. பாதி வேலையை மருந்து செய்துவிடும். மீதிப் பாதி, தெர்மாமீட்டரும் கையுமாகப் பக்கத்தில் இருந்து, 'பரவாயில்லை' என்ற பதிலை நம்பாமல் கால் விரலைத் தொட்டுப் பார்த்துக் கேட்கும் உங்கள் கையில் இருக்கிறது.